உதவி டி உயிரணு வேறுபாடடைதல்

உதவி டி உயிரணு வேறுபாடடைதல் என்பது, இதுவரை எந்தப் பிறபொருளையும் சந்தித்திராத உதவி டி உயிரணு ஒன்று குறிப்பிட்ட பணிக்குரிய வகையாக மாறும் நிகழ்வாகும். இவ்வெள்ளையணுக்கள் தைமசுச் சுரப்பியில் முதிர்ச்சியடைபவை. கிருமிகளைத் தாமே கொல்வதைவிடப் பிற உயிரணுக்களை ஏவுவதே இவற்றின் முதன்மைப் பணி. ஆகவே இவை எவ்வகையாக மாறுகின்றன என்பது நோயின் போக்கையே மாற்றவல்லது.

சைட்டோகைன்களின் பங்கு

நிணநீர்க்கணுவில் கிளைத்த உயிரணுக்கள் கிருமியின் துணுக்கை டி உயிரணுவுக்குக் காட்டுகின்றன. அப்போது அங்கே சுரக்கப்படும் சைட்டோகைன்கள் என்னும் சிறு புரதங்களே மாற்றத்தின் திசையைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. இன்டர்லியூக்கின்-12 தன் ஏற்பியில் பிணைந்தால், ஸ்டாட்4 என்னும் புரதம் தூண்டப்பட்டு உயிரணுக் கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்கும். உதவி டி1 வகை உருவாகும். இன்டர்லியூக்கின்-4 ஸ்டாட்6 வழியாக உதவி டி2 வகையை உருவாக்கும். முன்னது உயிரணுக்களுக்குள் ஒளியும் கிருமிகளையும், பின்னது குடற்புழுக்களையும் எதிர்ப்பது. ஒன்று மற்றதன் வளர்ச்சியை அடக்கும். இவ்விரு வகைகளையும் டிம் மோஸ்மன், ராபர்ட் காஃப்மன் ஆகியோர் 1986 இல் எலியின் உயிரணுக்களில் பிரித்தறிந்தனர்.

தொழுநோய் இதற்குத் தெளிவான சான்று. கிருமி ஒன்றே, எனினும் உதவி டி1 எதிர்வினை மேலோங்கியவர்களின் தோலில் கிருமிகள் மிகக் குறைவாகவே காணப்படும். உதவி டி2 வகைச் சைட்டோகைன்கள் மேலோங்கியவர்களிடம் அவை பெருகி உடலெங்கும் பரவும்.

ஒரே மூலக்கூறு, இரு விளைவுகள்

டிஜிஎஃப்-பீட்டா என்னும் சைட்டோகைனின் செயல் முதற்பார்வையில் முரணாகத் தோன்றும். இன்டர்லியூக்கின்-2 உடனிருக்க, அது ஃபாக்ஸ்பி3 மரபணுவை இயக்கி, எதிர்வினையை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி உயிரணுவை உருவாக்குகிறது. இன்டர்லியூக்கின்-6 சேர்ந்தாலோ, அழற்சியைத் தூண்டும் உதவி டி17 வகை பிறக்கிறது. எலிகளில் இது 2006 இல் தெளிவாயிற்று. அழற்சியின்போது இன்டர்லியூக்கின்-6 மிகுதியாகச் சுரப்பதால், உடல் அமைதியாக உள்ளதா, தாக்கப்படுகிறதா என்பதை இக்கலவையே உணர்த்துகிறது எனலாம். குடலில் வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் தராசை ஒழுங்குபடுத்தும் வகையின் பக்கம் சாய்க்கிறது.

ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதுற்றுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கும் நீரிழிவும் தோலழற்சியும் ஏற்படுகின்றன. சிகிச்சையின்றேல் பெரும்பாலும் இளமையிலேயே இறக்க நேரிடும். ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்களைக் கண்டறிந்த சிமோன் சகாகுச்சி, இம்மரபணுவை இனங்கண்ட மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் 2025 இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

உதவி டி17 வகை பூஞ்சைத் தொற்றைத் தடுத்தாலும், அளவு மீறினால் சொரியாசிசு போன்ற நோய்களுக்கு வழிவகுக்கும். இவ்வகை சுரக்கும் இன்டர்லியூக்கின்-17ஐத் தடுக்கும் மருந்துகள் சொரியாசிசுக்குத் தரப்படுகின்றன. ஆனால் வாயில் கேண்டிடா பூஞ்சைத் தொற்று அவற்றின் அறியப்பட்ட பக்கவிளைவாகும்.