எத்தனை படி இறங்கணும்? காட்டேஜ் புக்கிங்கின் கணக்கு

வத்தலக்குண்டு வழியாக மலையேறும் வண்டி வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வேகம் குறைத்தால் போதும், "ரூம் வேணுமா சார், காட்டேஜ் இருக்கு" என்று ஓர் ஆள் ஜன்னலோரம் வந்துவிடுவார். கொடைக்கானலில் இரண்டு மூன்று அறை வைத்திருப்பவர்களுக்குப் பல காலம் ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் இந்தத் தரகர்கள்தான். இப்போது அந்தப் பேரம் மலையடிவாரத்துக்கு வருமுன்பே, மதுரையிலோ சென்னையிலோ வீட்டு சோபாவில் முடிந்துவிடுகிறது. அதற்காகத் தரகர் ஒழிந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மேக்மைட்ரிப், புக்கிங் டாட் காம், ஏர்பிஎன்பி என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறார். போதாக்குறைக்கு இன்ஸ்டாகிராமில் ரீல்ஸும் போடுகிறார்.

பள்ளங்கியிலோ அட்டுவம்பட்டியிலோ நல்ல காட்சிமுனையில் காட்டேஜ் கட்டியவருக்கு ஏன் அறை காலியாகக் கிடக்கிறது? பெரும்பாலும் இரண்டு வைத்தியம் செய்து பார்ப்பார். விலையைக் குறைப்பார், அல்லது ரீல்ஸ் போடுகிறவருக்குப் பணம் கொடுப்பார். இரண்டுமே அப்புறம் பார்த்துக்கொள்ள வேண்டியவை. ஆன்லைனில் அறை எடுப்பவர், கண்ணால் பார்க்காத இடத்துக்கு முன்பணம் கட்டுகிறார். அவர் மனதில் பத்துக் கேள்வி ஓடும். எந்தக் காட்டேஜின் இணையப் பக்கம் அந்தக் கேள்விகளுக்குக் கேட்காமலே பதில் சொல்கிறதோ, அங்கேதான் ஜிபே விழும்.

கேள்விகள் என்ன என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வெல்லாம் வேண்டாம். சீசனில் வந்த வாட்ஸ்அப் செய்திகளைப் புரட்டினால் தெரிந்துவிடும். வெந்நீர் எப்போது வரும்? டிரைவருக்குத் தனி இடம் உண்டா? சமைக்கலாமா? எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு? பேச்சிலர்ஸை விடுவீர்களா? டெம்போ டிராவலர் வாசல்வரை வருமா? எத்தனை படி இறங்கணும்? இவற்றில் ஒன்றுக்காவது உங்கள் பக்கத்தில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருப்பது "இயற்கை எழில் சூழ்ந்த, அமைதியான, குடும்பத்துடன் தங்க ஏற்ற" என்ற வரியாகத்தான் இருக்கும். அது பக்கத்துக் காட்டேஜுக்கும் பொருந்தும், ஏற்காட்டுக்கும் பொருந்தும்.

படி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மலைச்சரிவில் கட்டிய காட்டேஜில் ரோட்டிலிருந்து நாற்பது படி இறங்க வேண்டியிருக்கும். எழுதினால் ஆள் வரமாட்டார் என்று உரிமையாளர் மறைக்கிறார். முழங்கால் வலிக்கும் அம்மாவைக் கூட்டிவந்த மகன் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் படியைப் பார்த்தால் என்ன ஆகும்? ஒரு ஸ்டார்தான். "ரோட்டிலிருந்து 40 படி, கைப்பிடி உண்டு, லக்கேஜை எங்கள் ஆள் இறக்கித் தருவார்" என்று எழுதியிருந்தால் அந்தக் குடும்பம் வேறு இடம் பார்த்திருக்கும்; இருபது வயதுக் கூட்டம் ஒன்று அந்த நாளை எடுத்திருக்கும். வராதவரால் நஷ்டம் ஒரு ராத்திரி வாடகை. தவறாக வந்தவர் எழுதிவிட்டுப் போகும் விமர்சனம் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

படங்களுக்கும் இதே நியாயம்தான். ஏர்பிஎன்பி 2008-ல் தொடங்கியபோது நியூயார்க்கில் புக்கிங் மந்தமாக இருந்தது. நிறுவனர்கள் பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் பட்டியலைப் பார்த்தார்கள். படங்கள் இருட்டாக, மங்கலாக இருந்தன. 2009-ல் கேமரா எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தாங்களே படம் பிடித்தார்கள். அந்த நகரத்து வருமானம் கூடியது; பிறகு அதையே ஒரு திட்டமாக்கிப் புகைப்படக்காரர்களை அனுப்பினார்கள். நம்மூரில் நேர்மாறான கோளாறு உண்டு. அகலக் கோணத்தில் எடுத்த படத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறை கல்யாண மண்டபம்போலத் தெரிகிறது. உள்ளே நுழைந்த குடும்பத்தின் முகம் அங்கேயே சுருங்கிவிடுகிறது.

கொடைக்கானலில் படம் எடுக்க நல்ல நேரம் காலை. மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் பள்ளத்தாக்கு தெரியாது. திரையை விலக்கி, விளக்கையும் போட்டு எடுக்க வேண்டும். கட்டில், ஜன்னல், மொட்டைமாடி எல்லோரும் போடுகிற படங்கள். நான் கேட்பது வேறு நான்கு: கழிவறை, கீசர், வாசலில் நிற்கும் கார், கடைசி இருநூறு மீட்டர் ரோடு. கார் நிற்கும் படம் ஒன்று, "வண்டி வருமா" என்று கேட்கும் எத்தனையோ போன்களை மிச்சப்படுத்தும்.

கூகுள் மேப்பில் உங்கள் புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்பதையும் இன்றே பார்த்துவிடலாம். மலையில் ஒரு வளைவு தப்பினால் வண்டி யாரோ ஒருவருடைய கேரட் தோட்டத்தில் போய் நிற்கும். "ஏரிக்கு அருகில்" என்ற பொய்யும் வேண்டாம். பூம்பாறை, ஏரியிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். சீசன் நெரிசலில் அது ஒரு பயணம். ஆனால் படிக்கட்டு வயலும் பூண்டும் குழந்தை வேலப்பர் கோயிலும் தேடி வருகிறவருக்கு அதுதான் வேண்டும். வட்டக்கானல் தேடுபவர் வேறு ஆள். யாருக்கு ஏற்ற இடம் என்று உரிமையாளருக்குத் தெரிந்திருந்தால் போதும், பக்கம் தானாக எழுதிக்கொள்ளும்.

கமிஷன் போக மிச்சம்

இனி பணம். அறை வாடகை ரூ.3,000, தளத்தின் கமிஷன் 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் ரூ.540. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.97. கைக்கு வருவது ரூ.2,363. "பத்து சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் மேலே காட்டுவோம்" என்று தளத்திலிருந்து போன் வரும். சரியென்றால் வாடகை ரூ.2,700 ஆகும், கைக்கு ஏறத்தாழ ரூ.2,127. தள்ளுபடியைத் தருவது தளமல்ல, நீங்கள்தான். காலியாகக் கிடக்கும் செவ்வாய்க்கிழமைக்கு இது லாபம். மே மாதச் சனிக்கிழமைக்கு இதை ஒப்புக்கொள்பவர் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம்.

நேரடியாகப் போன் செய்கிறவருக்கு அதே ரூ.2,700 விலை சொன்னால் இருவருக்கும் நன்மை. இதைத் தடுக்கத்தான் ஒப்பந்தத்தில் விலைச் சமநிலை என்றொரு பிரிவு இருந்தது: எங்கள் தளத்தில் காட்டும் விலையைவிடக் குறைவாக வேறு தளத்திலோ, உங்கள் சொந்த இணையதளத்திலோ காட்டக் கூடாது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு ரூ.223.48 கோடி அபராதம் விதித்து, இந்தப் பிரிவுகளை நீக்கச் சொன்னது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. உங்கள் ஒப்பந்தத்தில் இன்று என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுவது நல்லது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. தளம் கூட்டிவந்த விருந்தினரைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே "வெளியே வாங்க, குறைச்சுத் தர்றேன்" என்று கூப்பிட்டால் கணக்கு முடங்கும். ஏர்பிஎன்பி, திரும்ப வருபவரைக்கூட அப்படி அழைக்க விடுவதில்லை. நேரடி வாடிக்கையாளர் வர வேண்டிய வழி வேறு: உங்கள் பெயரைக் கூகுளில் தேடினால் உங்கள் எண்ணும் உங்கள் பக்கமும் வர வேண்டும். பூட்டிக் கிடக்கும் வெறும் வாடகை வீட்டைக் கூகுளின் விதிகள் தொழில் பக்கமாக ஏற்பதில்லை. ஆள் இருந்து வரவேற்கும் தங்குமிடத்துக்குத் தடையில்லை. அந்தப் பக்கத்தில் விலையையும் போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதினால், இன்பாக்ஸுக்கு வருமுன் அவர் அடுத்த காட்டேஜுக்குப் போய்விடுவார்.

இரண்டு மூன்று தளங்களில் இருப்பவர்களின் தலைவலி டபுள் புக்கிங். ஒரு தளத்தின் காலண்டரை இன்னொன்றோடு இணைக்கும் வசதி இருக்கிறது; ஆனால் அது உடனுக்குடன் மாறாது, சில மணி நேரம் பிடிக்கும். பொங்கல், ஆயுத பூஜை விடுமுறைக்கு அந்தச் சில மணி நேரமே ஆபத்து. அந்த நாட்களை ஒரே தளத்தில் மட்டும் திறந்துவைப்பதுதான் பாதுகாப்பு. நீங்களாகப் புக்கிங்கை ரத்து செய்தால் தளம் உங்களைக் கீழே தள்ளிவிடும். ஏர்பிஎன்பியின் சூப்பர்ஹோஸ்ட் தகுதிக்கு ரத்து விகிதம் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மதிப்பெண் 4.8-க்குக் குறையக் கூடாது. செய்திகளில் 90 சதவீதத்துக்காவது 24 மணி நேரத்துக்குள் பதில் போயிருக்க வேண்டும்.

போலிப் பக்கத்தின் நிழல்

நல்ல காட்டேஜின் படங்களைத் திருடிப் போலிப் பக்கம் தொடங்கி, பாதி விலை சொல்லி, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறையும் மோசடி மலைவாசஸ்தலங்களை விட்டுவைக்கவில்லை. ஏமாந்தவர் குடும்பத்தோடு உங்கள் வாசலில் வந்து நிற்பார். நீங்களும் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் நல்ல இடத்தையும் இன்று சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அதைக் கோபித்துக்கொள்ளாமல், கேட்டவருக்கு ஒரு நிமிட வீடியோ காலில் அறையைக் காட்டிவிடலாம். பணம் போகும் கணக்கின் பெயரும் காட்டேஜின் பெயரும் ஒன்றாக இருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். கூகுள் பக்கத்தில் திருத்தம் செய்ய யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம் என்பதால், உங்கள் போன் எண் உங்களுடையதாகவே இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். போலிப் பக்கம் தென்பட்டால் தளத்துக்குப் புகார் செய்துவிட்டு, பணம் இழந்தவரை உடனே 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

அனுமதி இல்லாத கட்டடத்துக்கு இந்த யோசனைகள் எதுவும் உதவாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி 2019-ல் கொடைக்கானல் நகராட்சி வரிசையாக சீல் வைத்ததை ஊர் மறந்திருக்காது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். வட்டக்கானல்காரர்களுக்கு இது பழக்கமான வேலை.

மலைக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் கட்டியது. புக்கிங் உறுதியானதும் அனுப்பும் செய்தியிலேயே இ-பாஸ் நினைவூட்டலைச் சேர்த்துவிட்டால், சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு உங்களை யாரும் திட்டமாட்டார்கள். சனிக்கிழமைக்கு வரம்பு வரக்கூடிய ஊரில் காட்டேஜ்காரர் வார நாட்களை விற்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வார நாட்களில் வரக்கூடியவர்கள் ஓய்வுபெற்றவர்களும், லேப்டாப்போடு வேலை பார்க்கும் இளைஞர்களும். முதல் கூட்டத்துக்குப் படி இல்லாத அறையும் அறை ஹீட்டரும் வேண்டும். இரண்டாவது கூட்டம் மேஜை, நாற்காலி, இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்க்கும்; எந்த சிம்முக்கு டவர் கிடைக்கும் என்று கேட்கும். இணைய வேகத்தை அந்த அறையிலேயே செல்போனில் அளந்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் கட்டில் படத்துக்கு அடுத்ததாகப் போட்டுவிடலாம்.