நாட்டின் உயிர்நிலைகள்

பகைவர் நாட்டினுள் புகுந்த பண்டை வேந்தர் அங்குள்ள காவல்மரத்தை வெட்டினர்; காவலுடைய நீர்நிலைகளில் தம் யானைகளை இறக்கிக் கலக்கினர். இச்செய்திகளைப் புறநானூற்றால் அறிகின்றோம். மரம் வீழ்ந்தால் மானம் குன்றும். நீர் கெட்டாலோ உயிர் நில்லாது.

இக்காலத்தில் நீரோடு மின்சாரமும் எண்ணெயும் தொலைபேசியும் இருப்புப்பாதையும் நாட்டின் உயிர்நிலைகள் ஆயின. இவை ஒன்றையொன்று பற்றி நிற்பவை. காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடியில் ஒரு வீட்டுக் குழாயில் நீர் விழவேண்டுமாயின், நீரேற்றும் பொறிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் ஆக்க எரிபொருள் வேண்டும். நரிமணத்து இயற்கை வாயுவால் மின்சாரம் ஆக்கும் நிலையமொன்று, இம்மாவட்டத்துத் திருமலைராயன்பட்டினத்தில் அமைந்தது. இச்சங்கிலியில் எங்கேனும் ஒரு கண்ணி அறுந்தால் இங்கே குடம் நிறையாது.

பகைவர் இதனை நன்கு அறிவர். முதல் உலகப்போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை அணுகியது. அதன் தலைவர் கார்ல் வான் முல்லர். போர்க்காலமாயினும் நகரில் விளக்குகள் அணைக்கப்படவில்லை. குறி தவறுமோ? பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலங்கள் தீப்பற்றி எரிந்தன. சிறிது நேரத்தில் கப்பல் இருளில் மறைந்தது. எரிந்த எண்ணெயினும் பரவிய அச்சமே பெரிது. மக்கள் திரள்திரளாக நகரை விட்டு ஓடினர். கைதேர்ந்த எத்தனை நாட்டார் இன்றும் 'எம்டன்' என்பர்.

இப்பொழுது பகைவனுக்குக் கப்பலும் வேண்டுவதில்லை. 2019ஆம் ஆண்டு, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பைக் கணிப்பொறி வழியே தாக்குதல் இயலாது என்று அந்நிலையத்தார் அக்டோபர் 29ஆம் நாள் உரைத்தனர். மறுநாளே, கணிப்பொறி ஒன்றில் தீங்கு செய்யும் நிரல் புகுந்தது உண்மையே என இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. செப்டம்பர் 4ஆம் நாளே அது கண்டறியப்பட்டதாம்! 'இயலாது' என்னும் சொல்லைக் காவலர் வாயில் கேட்பது நன்றன்று. எனினும் ஒன்று காத்தது. நிரல் புகுந்த பொறி, இணையத்தோடு இயைந்த அலுவலக வலையைச் சேர்ந்தது. நிலையத்தின் உள்வலையோ அதனின்று பிரித்து வைக்கப்பட்டிருந்தது. ஆதலின் நிலையத்தின் இயக்கத்திற்கு ஊறு நேரவில்லை என்று கழகம் கூறிற்று. மதிலைச் சூழ்ந்த அகழி போன்றது இப்பிரிவு.

இத்தகைய கணிப்பொறி அமைப்புகளைக் காத்தற்கென்றே நடுவணரசு 2014ஆம் ஆண்டில் தனி மையம் ஒன்றை நிறுவியது. ஆயினும் அகழியைக் கடக்கத் தோணி வேண்டா. சட்டைப்பையில் அடங்கும் நினைவகத் துண்டு ஒன்று போதும். ஈரான் நாட்டு நத்தான்ஸ் ஆலையைக் கெடுத்ததும், 2010ஆம் ஆண்டில் வெளிப்பட்டதுமாகிய 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் நிரல், அவ்வாறே உள்ளே சென்றது என்பர். அதனைக் கொண்டு செல்பவர், தாம் சுமப்பது இன்னதென அறியாத பணியாளராகவும் இருக்கலாம்.