உங்களுக்குத் தெரியுமா? சிறுநீரகத்தைச் சிதைக்கும் ஃபேப்ரி நோய்

ஃபேப்ரி நோய் என்பது, உயிரணுக்களுக்குள் கழிவைச் சிதைக்கும் நுண்ணுறுப்பான லைசோசோமில் ஆல்ஃபா-காலக்டோசிடேஸ் ஏ என்னும் நொதி பிறவியிலேயே குறைந்திருப்பதால், ஜிபி-3 எனப்படும் கொழுப்புப்பொருள் சிதையாமல் ஆண்டுக்கணக்கில் தேங்கும் பரம்பரை நோயாகும். இதனை 1898-இல் ஜெர்மனியின் யோகன்னஸ் ஃபேப்ரியும் இங்கிலாந்தின் வில்லியம் ஆண்டர்சனும் தனித்தனியே விவரித்தனர்.

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்குழல் முடிச்சைப் போர்த்தியுள்ள போடோசைட் உயிரணுக்கள், அழிந்தால் மீண்டும் பெருகி ஈடுசெய்யும் திறனற்றவை என்பதால், கொழுப்பு தேங்கி அவை உதிர உதிரச் சிறுநீரில் புரதம் கசிந்து, வடிகட்டியில் வடு படிந்து, நோய் கடுமையாக உள்ள ஆண்களுக்குப் பெரும்பாலும் நடுத்தர வயதுக்குள் சிறுநீரகம் செயலிழக்கிறது.

குறைபாடுள்ள மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், நோயுள்ள தந்தையிடமிருந்து அது மகள்கள் அனைவருக்கும் செல்கிறது, மகன்களுக்குச் செல்வதில்லை. அம்மரபணுவைத் தாங்கும் தாயின் ஒவ்வொரு குழந்தைக்கும் அதனைப் பெறுவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு.

கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் போன்ற காவிரிக்கரை ஊர்களில், சரிவர வியர்க்காமல், வெப்பத்திலும் காய்ச்சலிலும் உள்ளங்கையும் உள்ளங்காலும் எரிவதாகச் சொல்லும் சிறுவனின் குறையைப் பெற்றோர் புறக்கணிக்கலாகாது. ஏனெனில், அது ஃபேப்ரி நோயின் அறிகுறியாக இருக்கலாம்; இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை நொதியைச் சிரைவழியே செலுத்தும் சிகிச்சை, சிறுநீரகம் வடுப்படுமுன் தொடங்கினால்தான் மிகுந்த பயன் தருகிறது. செலவு மிக்க இச்சிகிச்சை தேவைப்படும் ஃபேப்ரி நோய், இந்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையிலும் இடம்பெற்றுள்ளது.