பெட்டிக்குள் தூங்கிய இளவரசன்!

கொடிய மந்திரி. சிறைப்பட்ட இளவரசி. அவளை மீட்க ஒரே ஒரு மணி நேரம்தான் அவகாசம்!

இது 1989-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான "பிரின்ஸ் ஆப் பெர்சியா" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் கதை. உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர். தன் தம்பியை ஓட வைத்து, தாவ வைத்துப் படம் பிடித்தார். அதைப் பார்த்தே கதாநாயகனின் அசைவுகளை வரைந்தார்.

எங்கே போயிற்று?

விளையாட்டு உலகப் புகழ் பெற்றது. ஆனால், அவர் கைப்பட எழுதிய மூலக் கட்டளைகளைக் காணவில்லை. தேடித் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

2012-ம் ஆண்டு அவருடைய தந்தை ஒரு பழைய பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே அந்த பிளாப்பி டிஸ்க்குகள்!

காந்தம் மங்கும்

பிளாப்பி என்பது காந்தப் பூச்சு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தகடு. நாளாக ஆகக் காந்தம் மங்கும். பூஞ்சையும் பிடிக்கும். அப்புறம் அதில் உள்ளது அழிந்தே போகும்.

பழைய டிஸ்க்குகளைக் காப்பதில் கைதேர்ந்த ஜேசன் ஸ்காட் உதவிக்கு வந்தார். பழைய கம்ப்யூட்டர்களைக் கொண்டு நகல் எடுத்தார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கட்டளைகள் பிழைத்திருந்தன! மெக்னர் அவற்றை எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வெளியிட்டார்.

இணைய நூலகம்

சான் பிரான்சிஸ்கோ நகரில் உள்ள "இண்டர்நெட் ஆர்க்கைவ்" என்ற இணைய நூலகம் 2015-ம் ஆண்டு ஜனவரியில் 2 ஆயிரத்துக்கும் அதிகமான பழைய விளையாட்டுகளை வெளியிட்டது. பழைய கம்ப்யூட்டரைப் போலவே இயங்கும் ஒரு மென்பொருள் அவற்றை ஓட வைக்கிறது. டிஸ்க் தேவை இல்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய டிஸ்க் கிடக்கிறதா? தூக்கி எறியாதீர்கள். நகல் எடுப்பதை நாளைக்கு என்று தள்ளியும் போடாதீர்கள். காந்தம் காத்திருக்காது!