விதைக்கு வெம்மை, நாற்றுக்கு ஒளி

இவ்வாண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டார். தாவரவியல் முதுகலை பயிலும் என்னிடமிருந்து மரபணுவைப் பற்றியோ புதிய நுண்ணோக்கிகளைப் பற்றியோ ஏதேனும் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எழுதப் புகுந்திருப்பதோ தக்காளி நாற்றைப் பற்றி. "இதற்கும் ஒரு கட்டுரையா?" என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். ஆயினும், எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக ஒரு மனத்தாங்கலுக்குக் காரணமாக இருந்தது இந்த நாற்றுத்தான். அதைத் தீர்த்து வைத்தது நான் இங்கே கற்ற பாடம். ஆதலால் நகைப்பைப் பொறுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் ஊர் பள்ளிவாசல். அடிமாலியிலிருந்து மூணாற்றுக்கு ஏறும் மலைச்சாலையில் உள்ளது. முதிரப்புழை ஆற்றின் நீரைக் குழாய் வழியே இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் அங்கே 1940ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அதுவே. என் பாட்டனார் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டை விட்டுத் தேயிலை வேலைக்கு மலையேறியவர். நான் பிறந்தது லயத்து வீட்டில். வாசலுக்கு எதிரே பாய் விரித்தாற்போல ஒரு துண்டு நிலம். அதில் அவரை, கீரை, பூசணி எல்லாம் வரும். தக்காளி மட்டும் வராது.

முயற்சிக் குறைவு என்று சொல்ல முடியாது. ஆடியில் மழை அறைந்து பெய்யும் ஊரில் விதையை வெளியில் தூவினால் மண்ணோடு அடித்துப் போகும். ஆகவே அம்மா வீட்டுக்குள்ளேயே விதைப்பார். ஒரு பழைய அலுமினியச் சட்டியில் பாத்தி மண்ணை நிரப்பி, விதையைத் தூவி, அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைப்பார். ஒரு வாரத்துக்குள் பச்சை தலை காட்டும். அடுத்த வாரம் அவை நூல்போல நீண்டு வெளிறிச் சாயும். எஞ்சியவை ஓர் இரவில், அடித்தண்டு கறுத்து, வெந்த கீரைபோல மடிந்து கிடக்கும். வாடுகிறதே என்று அம்மா மேலும் தண்ணீர் தெளிப்பார். மறுநாள் சட்டியே காலி.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார்: "மதினி, ஒங்க கைக்கு விதை ராசி இல்ல. வேற ஆளை விட்டுத் தூவச் சொல்லுங்க." நல்லெண்ணத்தில் சொன்ன சொல்தான். அம்மா ஒன்றும் மறுமொழி கூறவில்லை. ஆனால் அதன்பின் எங்கள் வீட்டில் எந்த விதையானாலும் என்னைத்தான் தூவச் சொன்னார். நான் தூவியதும் செத்தது என்பது வேறு கதை.

கைராசி என்பது உண்டா, இல்லையா என்று வாதிடுவது என் நோக்கமன்று. நாற்று ஏன் செத்தது என்பதை மட்டும் காண்போம்.

விதை கேட்பது

தக்காளி விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதைகள் இருக்கும். பழத்துக்குள் இருக்கும்போது அதைச் சுற்றி வழவழப்பான ஒரு கூழ் உண்டு. அதில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. இல்லையேல் ஈரம் நிறைந்த பழத்துக்குள்ளேயே விதைகள் முளைத்துவிடும் அன்றோ? வீட்டுப் பழத்திலிருந்து விதை எடுப்போர், கூழோடு இரண்டு நாள் ஒரு கிண்ணத்தில் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். புளிக்கும்போது கூழ் கரைந்துவிடும்.

விதை முளைக்க மூன்று பொருள்கள் போதும்: ஈரம், காற்று, வெம்மை. ஒளி தேவையில்லை, அது இருட்டிலும் முளைக்கும். மண்ணின் வெப்பம் 25 பாகையளவில் இருந்தால் ஏறக்குறைய ஆறு நாளில் முளை வரும். 15 பாகையில் இரண்டு வாரம் ஆகும். 10 பாகைக்குக் கீழே போனால் முளைப்பு ஏறக்குறைய நின்றேவிடும். குளிர்ந்த மலையூரில் அடுப்புப் பரணை அம்மா தேர்ந்தது எவ்வளவு பொருத்தம் என்று இதிலிருந்து விளங்கும். அரை அங்குலத்துக்கும் குறைந்த ஆழத்தில் விதைத்து, மேலே ஒரு தாள் மூடிப் பரணில் வைக்கலாம். அதுவரையில் அவர் செய்ததில் பிழையே இல்லை.

நாற்று கேட்பது

பிழை முளை வந்த அன்று தொடங்கியது. மண்ணைப் பிளந்து வெளிவந்ததும் செடியின் தேவை தலைகீழாக மாறிவிடுகிறது. விதைக்குள் இருந்த சேமிப்பு சில நாளுக்கே போதும். பிறகு அது தன் உணவைத் தானே சமைக்க வேண்டும். அதற்கு ஒளி வேண்டும். ஒளி கிட்டாத நாற்று, "நான் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறேன் போலும்" என்று எண்ணுவதைப்போல, இலையை விரிக்காமல் தண்டை மட்டும் நீட்டிக்கொண்டே போகும். ஒளியை அறிந்துகொள்ள அதனிடம் ஃபைட்டோக்குரோம் என்னும் நிறமி இருக்கிறது. அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தார் இதை 1959இல் கண்டறிந்தனர். இருட்டும் சூடும் சேர்ந்தால் நீட்சி இன்னும் விரைவாகும். பரண் இருட்டு, அடுப்பு சூடு. நூல்போல நீண்டதற்குக் காரணம் இதுவே.

ஆகவே முதல் முளை தெரிந்த அன்றே சட்டியைப் பரணிலிருந்து இறக்கி, வெளிச்சம் மிகுந்த சன்னலில் வையுங்கள். எல்லா விதையும் முளைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டா. சன்னலில் வைத்த நாற்று ஒளியை நோக்கி வளையும். சார்லசு டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் முளையின் நுனியை மூடிவைத்துச் சோதித்தபோது, அது வளையாமல் நேராக நின்றது. ஒளியை உணர்வது நுனியே என்று 1880இல் எழுதினர். நமக்கு இதிலிருந்து வேண்டுவது சட்டியை நாள்தோறும் கால் சுற்றுத் திருப்பி வைப்பது ஒன்றே.

மூடுபனியால் சன்னலே இருண்டு கிடக்கும் நாட்களில் 20 வாட்டு எல்.ஈ.டி. குழல்விளக்கு ஒன்று போதும். நாற்றின் தலைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் கட்டி, நாள் ஒன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடலாம். நன்மைதானே என்று இரவு முழுவதும் எரிய விடலாகாது. ஓயாத ஒளியில் தக்காளி இலை வெளிறிப் புண்படும். அதற்கும் உறக்கம்போல் ஓர் இருள் வேண்டும். நாளைக்கு இரண்டு மூன்று முறை நாற்றின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவிக் கொடுத்தால் தண்டு குட்டையாகத் தடித்து வளரும். காற்றில் அசையும் செடி உறுதி பெறுவதும் இவ்வாறே. தொடுதலால் செடியின் வளர்ச்சி மாறுவதை ஆராய்ந்த ஜாஃபி என்பார் 1973இல் அதற்கு ஒரு தனிப்பெயரே இட்டார்.

ஓர் இரவில் சாய்ப்பது யார்?

இனி, அடித்தண்டு கறுத்துச் சாயும் நோயைப் பார்ப்போம். இதற்கு நாற்றழுகல் என்று பெயர். சென்ற ஆண்டு விடுமுறை முடிந்து திரும்புகையில், சாய்ந்த நாற்று ஒன்றை ஈரத்தாளில் சுற்றி எடுத்து வந்தேன். அதன் அடித்தண்டைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தபோது, குறுக்குச் சுவர் இல்லாத தடித்த இழைகள் திசுவெங்கும் ஓடக் கண்டேன். என் ஆசிரியர் பார்த்துவிட்டு, "பித்தியம்" என்றார்.

பித்தியத்தைப் பூஞ்சை என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது பூஞ்சைக் குலத்தைச் சேர்ந்ததன்று. பழுப்புப் பாசிகளுக்கே நெருங்கிய உறவு. அதன் வித்துத்துகள்களுக்கு இரண்டு கசையிழைகள் உண்டு. அவற்றை வீசி அவை நீரில் நீந்தும். மண்துகள்களுக்கு இடையே நீர் நிறைந்து நின்றால், ஒரு நாற்றின் வேரிலிருந்து அடுத்த நாற்றின் வேருக்கு நீந்தியே போய்ச் சேரும். தடித்த சுவருள்ள வித்துக்களாக மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கவும் அதற்கு இயலும். ரைசாக்டோனியா என்னும் மெய்யான பூஞ்சையும் இதே கேட்டைச் செய்வதுண்டு. வாடிய நாற்றுக்கு நாம் பரிவோடு தெளித்த தண்ணீர், பகைவனுக்கு வெட்டிக் கொடுத்த வாய்க்கால் ஆயிற்று!

நோய் கண்டபின் அந்த நாற்றுக்கு மருந்தில்லை. வருமுன் காப்பதே வழி.

முதலாவது, மண். பாத்தி மண்ணை அப்படியே சட்டியில் இடலாகாது. தென்னை நார்த்தூளும் சலித்த மண்புழு உரமும் கலந்து கொள்வது நல்லது. மண்ணே இட வேண்டுமென்றால், சமையலிலிருந்து ஒதுக்கிய பழைய இட்லிச் சட்டியில் துணி விரித்து, ஈரமண்ணைப் பரப்பி, ஆவி வந்தபின் அரைமணி நேரம் வேகவைத்து, நன்றாக ஆறவிடுங்கள். மண்ணின் உட்பகுதி 60 பாகைக்கு மேல் அரைமணி நேரம் இருந்தாலே நாற்றழுகல் கிருமிகள் மடியும். பச்சைச் சாணக் கரைசல் வேண்டா.

இரண்டாவது, வடிகால். ஓட்டையில்லாத அலுமினியச் சட்டியே எங்கள் வீட்டில் பெரும் குற்றவாளி. சிரட்டையின் கண்ணைத் துளைத்துக் கொண்டால் அதைவிட நல்ல நாற்றுச்சட்டி இல்லை.

மூன்றாவது, நீர். மேல்மண் வெளுத்துக் காய்ந்தபின், காலை வேளையில், சிரட்டையைத் தண்ணீர்த் தட்டில் கால்மணி நேரம் வைத்து எடுங்கள். அடியிலிருந்து நீர் ஏறும். தண்டின் கழுத்து நனையாது.

நான்காவது, காற்று. நெருக்கமாகத் தூவாமல், சிரட்டைக்கு இரண்டு விதை இட்டு, வலியதை விட்டு மற்றதைக் கத்தரித்து விடலாம். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் உரக்கடைகளில் கிடைக்கும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது அளவு. நம்முடைய ஒரு பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

அம்மாவின் பாடம்

இவற்றையெல்லாம் சென்ற ஆவணியில் ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்போ தேயிலைக் குச்சிக்கு மட்டும் எப்படி இருட்டும் ஈரமும் ஒத்துக்கிடுது?" என்றார். நான் திகைத்துப் போனேன். அம்மா எசுட்டேட்டு நாற்றங்காலில் பல ஆண்டு வேலை பார்த்தவர். ஓர் இலையோடு வெட்டிய தேயிலைத் துண்டைப் பையில் நட்டு, நிழலிட்டு, பாலிதீன் கூடாரத்தால் மூடி ஈரம் காப்பார்கள். அந்தத் துண்டுக்கு வேர் இல்லை. இலை வழியே நீர் போய்விட்டால் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே வேர் பிடிக்கும்வரை நிழலும் ஈரமும் அதற்கு உயிர். தக்காளி முளையோ வேரோடு பிறப்பது. அம்மாவின் கை கற்றிருந்த தொழில் பிழையற்றது; அதை வேறொரு செடிக்குச் செய்ததுதான் கோளாறு. விடையை அவருக்குச் சொல்லும்போதுதான் எனக்கே அது முழுமையாக விளங்கியது.

அடுத்த பாடத்தை அவர் எனக்குச் சொன்னார். வேர் பிடித்த தேயிலைக் கன்றை உடனே வெயிலில் வைக்க மாட்டார்கள். நிழலைச் சிறிது சிறிதாக விலக்குவார்கள். தக்காளிக்கும் அதுவே முறை. நாலைந்து மெய்யிலை வந்தபின், முதல் நாள் இரண்டு மணி நேரம், மறுநாள் மூன்று என்று ஒரு வாரம் வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கி, அதன்பின்னரே பாத்தியில் நட வேண்டும். நடும்போது வித்திலைவரை தண்டை மண்ணில் புதைக்கலாம். புதைந்த தண்டெங்கும் வேர் விடும் இயல்பு தக்காளிக்கு உண்டு. சற்றே நீண்டுவிட்ட நாற்றுக்கும் இதனால் பிழைப்பு உண்டு.

நட்டபின் தாக்கும் பாக்டீரியா வாடல் கேரள மண்ணில் மிகுதி. வளர்ந்த செடி பச்சையாகவே வாடினால், தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். பால்போல இழை இறங்கினால் அந்நோய்தான். அதைத் தாங்கும் சக்தி, முக்தி, அனகா முதலிய வகைகளைக் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்திருக்கிறது. விதை வாங்கும்போது கேட்டு வாங்குதல் நலம்.

சென்ற ஆண்டு நாங்கள் நாற்பது சிரட்டைகளில் விதைத்தோம். முப்பத்திரண்டு முளைத்தன, இரண்டு அழுகின, இரண்டைக் கோழி தின்றது. இருபதைப் பாத்தியில் நட்டோம். மீதி எட்டையும் அம்மா தம் கையாலேயே மதினி முறைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் நட்டுக் கொடுத்தார். அவை காய்த்தன என்று தைமாதம் தொலைபேசியில் சொன்னார். கைராசியைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லையாம்.

அந்தப் பாத்தி எங்களுடையதன்று. வீடு வேலையோடு வந்தது. அம்மா ஓய்வு பெறும் நாளில் இரண்டையும் விட்டு இறங்க வேண்டும். எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. நாற்பது சிரட்டைகளையும் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். எந்த ஊர்ச் சன்னலாயினும் அவற்றுக்குப் போதும்.

நண்பர்களே, விடுதி அறையில் நமக்கும் ஒரு சன்னல் உண்டு. இரண்டு சிரட்டைகளோடு தொடங்குங்கள். இங்கே நாம் கற்பதில் வீட்டுக்குப் பயன்படுவது எது என்று எண்ணிப் பார்த்து, அதை வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்வியில் நமக்கும் ஒரு பாடம் இருக்கும்.