மூணாறு போகிறவர்களுக்கு

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. இருப்பது கேரளத்து இடுக்கி மாவட்டம். தேயிலைத் தோட்டத்து லயங்களில் காதில் விழுவதோ பெரும்பாலும் நம்ம தமிழ்தான்.

முதலில் இரவிகுளம் தேசியப் பூங்கா. ராஜமலையில் வரையாடுகள் அவ்வளவு கிட்டே வந்து நிற்கும், தின்பண்டம் நீட்டாதீர்கள். குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை வழக்கமாக மூடிவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். 2,695 மீட்டர் ஆனைமுடியும் இதற்குள்தான். இங்கே நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030.

மாட்டுப்பட்டி அணையில் படகு உண்டு, கூட்டமும் உண்டு. அதைவிட டாப் ஸ்டேஷன் மேல். பெயரிலுள்ள ஸ்டேஷன் நிஜமானது. தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் இங்கே வந்து, கயிற்றுவழியில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேரும். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அங்கே நின்று தேனிப் பக்கத்துச் சரிவைப் பார்க்கலாம்.

மழைக்காலத்தில் மலைப்பாதை நடை வேண்டவே வேண்டாம். ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்சரிந்து லயங்கள் புதைந்தன. இறந்தோரும் காணாமற்போனோருமாக 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார். லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் போச்சு. கொழுந்து பறிக்கிறவர்களோடு படம் எடுக்கும்போது எந்த ஊர் என்று கேளுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெயர்கள் வரும்.