வெள்ளி டைமின் பின்பக்கம்

அமெரிக்காவில் 10 சென்ட் காசுக்கு டைம் என்று பெயர். குறுக்களவு 17.9 மில்லிமீட்டர், வெள்ளிக் காசின் எடை இரண்டரை கிராம். அந்த நாட்டுச் சில்லறையில் இதைவிடச் சின்னக் காசு இன்று இல்லை. 1964 என்று ஆண்டு பொறித்த காசு வரை அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, மீதி செம்பு. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளியை நீக்கிவிட்டது. ஆண்டைப் படிக்காமலே இரண்டையும் பிரித்துவிடலாம். காசின் விளிம்பில் செம்பு நிறக் கோடு ஓடினால் அது புதியது. விளிம்பு முழுக்க வெண்மையாக இருந்தால் வெள்ளி.

இவற்றில் அதிகம் தேடப்படுவது 1916 முதல் 1945 வரை அடித்த ‘மெர்குரி டைம்’. சிற்பி அடால்ஃப் வெய்ன்மன் வடித்தது சிறகு வைத்த தொப்பி அணிந்த சுதந்திர தேவியை. சிறகைக் கண்ட ஜனங்கள் ரோமானியக் கடவுள் மெர்குரி என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

முகம் அழகுதான். ஆனால் தரம் பார்க்கிறவர் காசைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். அங்கே கோடரியோடு சேர்த்துக் கட்டிய கழிக்கட்டு ஒன்று இருக்கிறது; ரோமானிய அதிகாரிகளின் சின்னம். பல கை மாறிய காசில் கழிகளுக்கு இடையிலான கோடுகள் அழிந்து, கட்டு மொழுமொழுவென்று ஆகிவிடும். பாதிக் கோடு தெரிந்தால் ஒரு படி மேல். எல்லாக் கோடும் தெரிந்து, குறுக்கே சாய்வாகப் போகும் வார் மட்டும் மழுங்கியிருந்தால் இன்னொரு படி. இந்தப் படிகளுக்கு எண் உண்டு. வில்லியம் ஷெல்டன் 1949-இல் வகுத்த அளவுகோல் 1-இல் தொடங்கி 70-இல் முடியும். 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு.

இங்கேதான் ஒரு சிக்கல். புழங்காத காசு என்பதாலேயே அது சுத்தமாக அச்சாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. கழிக்கட்டின் நடுவில் கிடையாக இரண்டு பட்டைகள் அடுத்தடுத்து இருக்கும். அச்சு தேய்ந்திருந்தாலோ அழுத்தம் போதாவிட்டாலோ உலோகம் அந்தக் குழிக்குள் முழுதாக ஏறாது. இரண்டு பட்டையும் ஒன்றாக ஒட்டிப் போகும். நடுவே பிளவு முழு நீளத்துக்கும் தெளிவாக இருந்தால் ‘ஃபுல் பேண்ட்ஸ்’. 1945-இல் ஃபிலடெல்ஃபியா அக்கசாலை ஏறக்குறைய 16 கோடி டைம் அடித்தது. காசு மலிவு. ஆனால் அதே காசு பட்டை பிரிந்து கிடைப்பது அபூர்வம். விலை எங்கோ போய்விடும். லென்ஸில் பார்த்தால்தான் தெரியும் ஒரு பிளவுக்கு இத்தனை மதிப்பா என்று கேட்டால், பணம் கொடுக்க ஆள் இருக்கிறது என்பதுதான் பதில்.

அடுத்தது மினுக்கம். அச்சு இறங்கும்போது உலோகம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை விட்டுச் செல்கிறது. விளக்கடியில் காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளிக்கீற்று சுழல்வது அந்த வரிகளால்தான். கறுத்த வெள்ளியைக் கண்டால் நமக்கெல்லாம் விபூதி போட்டுத் தேய்க்கக் கை துறுதுறுக்கும். கூடாது. தேய்த்தால் காசு பளபளக்கும், வரிகள் போய்விடும், சேகரிப்பவரும் ஒதுங்கிவிடுவார். காற்றிலுள்ள கந்தகம் படிந்து சீராக ஏறிய கருமையை, அதிலும் நீலமும் பொன்னிறமும் கலந்திருந்தால், கூடுதல் விலை கொடுத்தே வாங்குகிறார்கள்.

வரிசையில் எல்லோருக்கும் விடுபடும் காசு ஒன்று உண்டு: 1916-இல் டென்வரில் அடித்தது. மொத்தமே 2,64,000. கழிக்கட்டின் அடியில் இடப்பக்கம் பொடியாக ‘டி’ எழுத்து இருக்கும். அதே ஆண்டு ஃபிலடெல்ஃபியா அடித்ததோ 2 கோடிக்கு மேல். அதில் எழுத்து கிடையாது. எழுத்தில்லாத காசில் ‘டி’யை ஒட்டி விற்கும் மோசடி வெகுகாலமாக நடக்கிறது. எனவே தரச்சான்று நிறுவனங்கள் சோதித்துப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி முத்திரையிட்ட காசையே வாங்கச் சொல்வார்கள். வாங்கும்போது பெட்டியின் எண்ணையும் அந்த நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெட்டியிலும் போலி வந்துவிட்டது.